பதினேழாம் பூவின் மூன்றாவது வெட்டு

பேருந்தில் பிளேடை வெளியே எடுக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மழை அப்படிப் பெய்தது... பேருந்து அப்படி நின்றது... மடியில் இருந்த பூவும் அப்படி வாடிக்கொண்டிருந்தது.

முக்கால் மணி நேரமாக ஒரே இடம். முன்னால் எங்கோ சாலையில் மரம் விழுந்துவிட்டதாம். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்த செண்பகப் பூ ஓரங்களில் பழுப்பேற ஆரம்பித்திருந்தது. அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் இது எதற்கும் உதவாமல் போய்விடும்.

வேறு வழியில்லை. கைப்பையிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்தாள். நடுவில் பிளந்து, பூவின் உள்தண்டை அதற்குள் செருகி இறுக்கிக்கொண்டாள். அப்படிப் பிடித்தால்தான் மெல்லிய பூ நசுங்காமல் வெட்டுப்படும். பிறகு புது பிளேடு ஒன்றின் உறையைப் பிரித்தாள்.

அவ்வளவுதான்... அவள் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"ஏய்... என்ன வேலை இது?"

பக்கத்து சீட்டுக்காரன். இவ்வளவு நேரமும் தூங்கி வழிந்துகொண்டிருந்தவன். மடியில் பெரிய துணிப்பை ஒன்றை அணைத்துக்கொண்டு, அகலக் கண்களை இன்னும் அகலமாக விரித்து அவளைப் பார்த்தான்.

"கையை விடுங்க."

"விட்டா பையை அறுத்துட்டு இறங்கிடுவீங்க. போன மாசம்தான் ஒருத்தன் அறுத்தான்... இதோ பாருங்க, இன்னும் தைக்கக்கூட இல்ல."

"உங்க பையை அறுக்க வர்றவ கேரட்டோட எதுக்கு வரணும்?"

அவன் கேரட்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அதுதான் எனக்கும் புரியல," என்றான்.

பின் சீட்டில் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். அவள் கையை உதறினாள். உதறிய வேகத்தில் கேரட் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். இறங்குவதற்கு வழி கேட்டு வந்த யாரோ ஒருவரின் ஈரச் செருப்பு அந்தப் பூவின் மேல் நிதானமாக ஏறி இறங்கியது.

"போச்சு... அந்த மரத்துல இந்த வருஷத்துக் கடைசிப் பூ. சந்தோஷமா?"

"ஐயோ... மன்னிச்சுக்குங்க. நான் உங்க கையைத் தப்பா..."

அவள் காது கொடுக்கவில்லை. எழுந்தாள், இறங்கினாள், கொட்டுகிற மழையில் நடந்தாள். "ஏங்க... குடையாவது எடுத்துட்டுப் போங்க..." என்று ஜன்னலிலிருந்து கத்தினான். கறுப்பில் பெரிய குடை ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தான். உன் குடையும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று அவள் திரும்பாமல் நடந்தாள்.

ஆனால் அந்தக் கண்கள்... தெருமுனை வரை கூடவே வந்தன. மழைத் தண்ணீர் கண்ணிமையில் வழிய வழிய, 'பார்வையைப் பார், முட்டைக்கண்ணன்' என்று திட்டிக்கொண்டே நடந்தாள். திட்டத் திட்ட அந்த முகம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அது வேறு எரிச்சல்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு தன் மேசையில் உட்கார்ந்த அரை மணியில் கதவு திறந்தது. தலைமைப் பதிப்பாசிரியர் அம்மா முன்னால் வந்தார். பின்னால் ஒரு துணிப்பை. துணிப்பைக்குப் பின்னால் அதே கண்கள்.

"நம்ம புது ஓவியர். இன்னிலேருந்து படமெல்லாம் இவர்தான்," என்றார் அம்மா. "ஆறு மாசம் பாப்போம். சரியா இருந்தா நிரந்தரம்." பிறகு அவனிடம் திரும்பி, "இவங்கதான் நமக்குப் பூ வெட்டிக் குடுக்கறவங்க. இவங்க பேரு ஆபீஸ்ல பிளேடு," என்றார்.

அவன் எச்சில் விழுங்கியது அவளுக்குக் கேட்டது.

அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. அங்கே தயாராகிக்கொண்டிருந்தது ஒரு செடிக் கையேடு. தோட்டத்தில் பெயர் தெரியாத செடி ஒன்றைப் பார்க்கிறவர்கள் கையேட்டைத் திறந்து, கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் செடியின் பெயர் வந்து நிற்கும். அதில் முதல் கேள்வியே இதுதான்: சூலிலைகள் தனித்தனியா, இணைந்தவையா?

பூவின் நட்டநடுவில் இருக்கிற பெண் பகுதி சூலகம். பின்னால் காயாகப் போவது அதுதான். சூலகம் சூலிலைகளால் ஆனது. ஒரு பூவில் ஒரே சூலிலை இருக்கும், இன்னொன்றில் இரண்டு, ஐந்து, ஐம்பதுகூட இருக்கும். செண்பகத்தில் அவை நெருக்கியடித்து நின்றாலும் ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம். செம்பருத்தியில் ஐந்தும் ஒட்டி ஒரே வீடாகி, உள்ளே ஐந்து அறைகளாக இருக்கும். முதல் கேள்விக்குத் தப்பான பதில் வந்துவிட்டால் தப்பான பக்கத்துக்குப் போய், ஆயுசுக்கும் அந்தச் செடியின் பெயர் கிடைக்காது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. சில சூலகங்கள் கீழே ஒட்டியிருக்கும், மேலே பிரிந்திருக்கும். சில ஆளை ஏமாற்றுகிற மாதிரி மேலே ஒட்டிக்கொண்டு கீழே பிரிந்திருக்கும். அதனால் அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம்: எந்தப் பூவானாலும் மூன்று வெட்டு. நுனியில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. மூன்றையும் சிவப்புச் சாயத்தில் நனைத்து, மூன்று கண்ணாடிச் சில்லில் வைத்து, மூன்று கட்டம் போட்ட சீட்டில் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஓவியர் அதைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

ஒன்பது வருஷமாக அவள் வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியில் பேசியே கொல்லுகிறவர்களுக்குத்தான் 'பிளேடு' என்ற பட்டப்பெயர் வைப்பார்கள். இங்கே வாயைத் திறக்காத ஒருத்திக்கு அது வந்து ஒட்டிக்கொண்டது. அலமாரியில் ஒரு பிழைப் பதிவேடு இருந்தது. பிழை என்ன, செய்தவர் யார், காரணம் என்ன, இனி நேராமல் இருக்க என்ன நடவடிக்கை என்று நாலு பத்தி. 'செய்தவர்' பத்தியில் எல்லோர் பெயரும் இருந்தது, அம்மாவின் பெயர்கூட. அவள் பெயர் மட்டும் இல்லை. அவளுக்கு இந்த உலகத்தில் தலைக்கனம் என்று ஒன்று இருந்தால் அது இதில்தான்.

முதல் வாரம் அவனோடு அவள் பேசியதெல்லாம் "இந்தாங்க", "வெச்சிட்டுப் போங்க".

இரண்டாவது வாரம் அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஒரு சந்தேகம்..."

"சொல்லுங்க."

"அன்னிக்குக் கீழே விழுந்த கேரட்டை அப்புறம் யார் எடுத்தாங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் துளிச் சிரிப்பில்லாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

"கண்டக்டர் சாப்பிட்டிருப்பார்."

"நான்தாங்க எடுத்தேன். சாட்சிப் பொருளாச்சே. யாராவது கேட்டா காட்டணும்ல..."

அவளையும் மீறி உதடு வளைந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஒரு சந்தேகம். பூ ஏன் காலையில் ஒரு நிறம் சாயங்காலம் ஒரு நிறம்... பிளேடு பிடிக்கும்போது ஏன் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்... மூச்சுப் பிடிப்பதை இத்தனை வருஷத்தில் யாரும் கவனித்ததில்லை. வீட்டில் அக்கா, "என்னடி, புடவையெல்லாம் இஸ்திரி போட்டாவுது?" என்று தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "மழைக்காலம். ஈரம் போகத்தான்," என்றாள் இவள். "ஓஹோ... ஈரம்," என்று அக்கா மறுபடி மிஷினை மிதித்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நர்சரிக்காரி வரும் வரை.

அவள் ஊர்க்கோடியில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிறவள். பெயர் தெரியாத புதுச் செடிகளின் பூவைக் காகிதத்தில் சுற்றி, எண் போட்டு, கையேட்டுக்காகக் கொண்டுவந்து கொடுப்பாள். அவள் மாடிப்படி ஏறும்போதே சத்தம் வந்துவிடும். சேறு அப்பிய பூட்ஸ், தோளில் புரளும் முடி, ஊரே கேட்கிற தொண்டை.

"அத்தான்..."

முதல் நாள் அந்தச் சொல் கேட்டபோது அவள் கையில் பிளேடு இருந்தது. விரல் தப்பியது தெய்வச் செயல்.

'அத்தானா... அப்படியென்றால் அத்தை மகளோ, மாமன் மகளோ. எதுவானாலும் முறை முறைதானே.' அவள் தலையைக் குனிந்து வெட்டிக்கொண்டே இருந்தாள். காது மட்டும் குனியவில்லை. "அத்தான், சாப்டாச்சா? அத்தான், இந்தப் பூவைப் பாருங்க. அத்தான், அத்தை உங்களைத் திட்டிக்கிட்டே இருக்காங்க..." ஒரு வாக்கியத்துக்கு ஒரு அத்தான். சில வாக்கியத்துக்கு இரண்டு.

முதலில் வாரம் ஒரு முறை வந்தாள். பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை. ஒரு மழை மாலை ஜன்னல் வழியாக இவள் கீழே பார்த்தாள். தெருவில் அந்தக் கறுப்புக் குடை போய்க்கொண்டிருந்தது. குடைக்குக் கீழே நாலு கால். இரண்டு காலில் சேறு அப்பிய பூட்ஸ்.

தான் வேண்டாமென்று சொன்ன அதே குடைதான். வேண்டாமென்று சொல்லிவிட்டால் வேறு யாருமே அதில் போகக் கூடாதா? கூடாது. ஏன் கூடாது? அதெல்லாம் தெரியாது, கூடாது. தனக்குள்ளேயே கேள்வி கேட்டு, பதில் சொல்லி, தோற்றுப்போய் நின்றாள். பொறாமை. இதற்கு வேறு நல்ல பெயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

பதினேழாம் எண் பூ வந்தது.

சின்ன வெள்ளைப் பூ. ஐந்து இதழ். பார்ப்பதற்கு மல்லிகையின் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. நர்சரிக்காரி அதை இவள் மேசையில் வைத்துவிட்டு நேராக ஓவிய மேசைக்குப் போனாள். அங்கே இருந்த ஒற்றை உருப்பெருக்கியில் அவனும் அவளும் மாற்றி மாற்றிக் குனிந்தார்கள். இந்தப் பக்கமிருந்து பார்க்க இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் நுனி வெட்டினாள். இரண்டு சூலிலை, ஒன்றாக இணைந்திருந்தன. எழுதினாள். நடு வெட்டினாள். அங்கும் இணைந்துதான் இருந்தன. எழுதினாள். மூன்றாவது வெட்டுக்காகப் பூவின் அடியைக் கேரட்டில் செருகினாள்.

"போங்க அத்தான்..." என்று அந்தப் பக்கம் கலகலவென்று ஒரு சிரிப்பு.

பிளேடு வழுக்கியது. பூவின் அடி நசுங்கிப் பச்சைத் தண்ணீராகிவிட்டது. இன்னொரு பூ வேண்டுமென்றால் அவளிடம்தான் போய்க் கேட்க வேண்டும். அந்தச் சிரிப்பிடம், அந்த அத்தானிடம் போய்க் கை நீட்ட வேண்டும். நுனியில் இணைந்திருக்கிறது, நடுவிலும் இணைந்திருக்கிறது. அடியில் மட்டும் என்ன வேறாக இருந்துவிடப் போகிறது?

'அடி: இணைந்தவை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பது வருஷத்தில் முதல் முறையாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுதினாள். சீட்டையும் இரண்டு கண்ணாடிச் சில்லையும் அவன் மேசையில் டக்கென்று வைத்தாள்.

அவன் சில்லைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லங்க... வரைஞ்சிடறேன்."

இரண்டு மாதம் போனது. பதினேழாம் எண் செடியின் படம் அச்சாகி, அந்தப் பகுதி மட்டும் ஐயாயிரம் பிரதி கட்டுக்கட்டாக வந்து இறங்கிய வாரம்... நர்சரிக்காரி மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கையில் ஒரு கிளை.

"அத்தான், இதைப் பாருங்களேன். அந்தப் பதினேழு காய் விட்டிருக்கு. ஒவ்வொரு பூவுக்கும் ரெண்டு ரெண்டு கொம்பு."

எல்லோரும் பார்த்தார்கள். ஒரே காம்பின் முனையிலிருந்து இரண்டு நீளக் காய்கள், ஆளுக்கொரு திசையில் விறைத்துக்கொண்டு நின்றன. நடுவில் ஒட்டு இல்லை, உறவு இல்லை.

பார்த்த நொடியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பூவிலிருந்து இரண்டு காய் தனித்தனியாக வருகிறதென்றால், பூவாக இருந்தபோதே சூலிலைகள் அடியில் தனித்தனியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மேலே மட்டும் தலை ஒட்டியிருந்திருக்கிறது. அந்த ஒட்டு உதிர்ந்துபோனதும் இரண்டும் அவை அவை பாட்டுக்கு வளர்ந்துவிட்டன.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அச்சான படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடி வெட்டுல இணைஞ்ச மாதிரி போட்டிருக்கே. முதல் கேள்விக்கே தப்பான பதில். ஐயாயிரம் பிரதியும் குப்பை. எப்படி ஆச்சு இது?"

சொல்லு... இப்போது சொல்லு... என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"என் தப்பு மேடம்," என்றான் அவன். "அடி வெட்டைச் சரியாப் பாக்காம வரைஞ்சிட்டேன்."

"சீட்டைப் பாக்கலாமா?"

"சீட்டு... எங்கயோ வெச்சிட்டேன் மேடம். அதுவும் என் தப்புதான்."

அம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குக் காலையில பதிவேட்டுல எழுதுங்க. ஆறு மாசம்னு சொல்லித்தான் எடுத்தோம். அப்புறம் ஆபீஸ் ரூமுக்கு வாங்க, பேசலாம்." அந்தப் 'பேசலாம்' என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அவன் வேலை போயிற்று.

அன்று மாலை வீட்டுக்குப் போய், சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மனசு இரண்டாகப் பிரிந்து வழக்காடியது. ஒன்று, 'அவன் போகட்டுமே. அந்த அத்தானும் வேண்டாம், குடையும் வேண்டாம். உன் பெயர் பதிவேட்டில் ஏறாமல் சுத்தமாக இருக்கும்' என்றது. இன்னொன்று எதுவும் சொல்லவில்லை. 'என் தப்பு மேடம்' என்றபோது அவன் முகம் இருந்த விதத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டியது.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா... நான் ஒரு பொய் எழுதிட்டேன்."

"நீயா?" அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "யாருக்காக?"

என்ன பொய் என்று கேட்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. யாருக்காக என்று கேட்டாள். அதற்குத்தான் கூடப் பிறந்தவள் வேண்டும். இவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்து நாற்றுப் பண்ணைக்குப் போனாள். பதினேழாம் செடியில் காய்களுக்கு நடுவே கடைசியாக இரண்டு மூன்று பூ மிச்சமிருந்தது. நர்சரிக்காரி குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்களா... என்ன இவ்வளவு காலையில?"

"ஒரு பூ வேணும்." எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறாள். "அந்தத் தப்பு நான் பண்ணினது. அவர் இல்ல. இன்னிக்குப் போய்ச் சொல்லிடுவேன். உங்க அத்தானுக்கு வேலை போகாது. நீங்க... கவலைப்படாதீங்க."

தோற்றவள் வந்து ஜெயித்தவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி இருந்தது. நர்சரிக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சேற்றுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயோ அக்கா... நீங்க எங்க ரெண்டு பேரையும் அப்படியா நினைச்சீங்க? எங்க வீட்டுலயும் சின்ன வயசிலேருந்து அப்படித்தான் நினைச்சாங்க. போன வருஷம் உக்கார வெச்சுக் கேட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேண்டாம்னு சொன்னோம். அத்தானும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்."

"அப்புறம் ஏன் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை..."

"பூவா? அவர் படுத்தற பாடு. 'அவங்க இதுவரைக்கும் பாக்காத பூவா கொண்டு வா. புதுப் பூவைப் பாத்தா அவங்க முகம் எப்படி ஆகுது தெரியுமா'ன்னு ஒரே தொல்லை. பண்ணையில இல்லாத செடிக்கு நான் எங்க போவேன்? ஊர் ஊரா அலைஞ்சு கால்வலிதான் மிச்சம். நேர்ல சொல்லித் தொலைங்கன்னா, 'முதல் நாளே கையைப் பிடிச்சுத் திருடின்னு சொல்லிட்டேன், எந்த மூஞ்சியோட சொல்றது'ங்கறார்."

பூவை வாங்கி ஈரத்துணியில் சுற்றினாள். பதினேழு பூ. ஒவ்வொன்றையும் பொறாமையில் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாளே... பதினேழும் அவளுக்காக வந்தவை.

அம்மாவின் அறைக்குள் அவள் நுழைந்தபோது அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். மேசையில் பிழைப் பதிவேடு திறந்திருந்தது. பேனா அவன் கையில்.

"அதை வைங்க," என்றாள். "அது நான் எழுத வேண்டியது."

யாரும் எதுவும் கேட்கும் முன்னால் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கேரட்டைப் பிளந்தாள். பூவின் அடியை அதில் செருகினாள். மூச்சைப் பிடித்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் விட்டுப்போன மூன்றாவது வெட்டு... கண்ணாடி மாதிரி மெல்லிசாக விழுந்தது. ஈரத் தூரிகையால் எடுத்துச் சாயத்தில் தோய்த்து உருப்பெருக்கியின் அடியில் வைத்தாள்.

"பாருங்க மேடம்."

அம்மா குனிந்தார். சிவப்பாக இரண்டு வட்டம், நடுவில் நல்ல இடைவெளி. தனித்தனி.

"அன்னிக்கு இந்த வெட்டை நான் வெட்டவே இல்ல. வெட்டின மாதிரி எழுதினேன். சீட்டு தொலைஞ்சிருக்காது. இவர் ஒளிச்சு வெச்சிருப்பார்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்று மெதுவாக வெளியே வந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அம்மா அவனைக் கேட்டார்.

"சில்லு ரெண்டுதான் இருந்துச்சு மேடம். அன்னிக்கே பாத்தேன். கேட்டிருக்கணும்." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஒரு தடவை இவங்க கையைச் சந்தேகப்பட்டேன். பஸ்ல, எல்லார் முன்னாடியும். இனிமே ஜென்மத்துக்கும் சந்தேகப்படறதில்லன்னு முடிவு பண்ணியிருந்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்து எழுத்து மங்கியது. பதிவேட்டை இழுத்து எழுதினாள். பிழை: அடிவெட்டு செய்யாமல் செய்ததாக எழுதியது. செய்தவர்: ஒன்பது வருஷமாக அந்தப் பத்தியில் ஏறாத பெயர். அடுத்த பத்திக்கு வந்ததும் பேனா நின்றது.

"காரணம்?" என்றார் அம்மா.

உடம்பு சரியில்லை என்று எழுதலாம். வேலை அதிகம் என்று எழுதலாம். பக்கம் முழுக்க எல்லோரும் அதைத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் இன்னொரு தடவை பார்க்காததை எழுத அவளால் முடியாது.

'பொறாமை' என்று எழுதினாள்.

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். மறுபடி படித்தார். பதிவேட்டை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் குனிந்தான். படித்தவன் நிமிரவே இல்லை. காது மடல் மட்டும் மெல்லச் சிவந்துகொண்டு போனது.

"யார் மேலன்னு நான் கேக்கப் போறதில்ல," என்றார் அம்மா. பேனாவை வாங்கி, நடவடிக்கைப் பத்தியில் அவரே எழுதினார்: 'மூன்று மாதத்துக்கு இவருடைய மூன்று வெட்டுகளையும் ஓவியர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும்.' எழுதிவிட்டு அவனிடம், "உங்க ஆறு மாசமும் அப்படியே தொடரட்டும். ஐயாயிரத்தையும் திருப்பி அடிக்கணும், ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க," என்றார்.

"மேடம்..." அவன் தயங்கினான். "மூணு மாசம் போதுமா?"

"வெளிய போங்க," என்றார் அம்மா. பதிவேட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் அவள் நின்றிருந்தாள். தலைக்கு மேல் கறுப்புக் குடை ஒன்று வந்து விரிந்தது. இந்தத் தடவை அவள் நகரவில்லை.

"ஒரு சந்தேகம்..." என்றான்.

"சொல்லுங்க."

"அந்தக் காரணப் பத்தியில எழுதினது... அதுக்கு என்ன அர்த்தம்னு நானா எடுத்துக்கலாமா, இல்ல நீங்களே சொல்வீங்களா? எனக்குப் பயமா இருக்குங்க. தப்பா எடுத்துக்கிட்டேன்னா தாங்காது."

குடை விளிம்பிலிருந்து தண்ணீர் சரம் சரமாக இறங்கியது. அந்த அகலக் கண்கள் வெகு அருகில் இருந்தன. அவள் மூச்சைப் பிடித்தாள். வெட்டும்போது பிடிப்பது போலவே.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க பக்கத்துல யார் நின்னாலும் எனக்குக் கை தப்புது. போதுமா?"

குடை ஒரு பக்கம் சாய்ந்து, அவன் தோள் முழுக்க நனைந்தது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

"அந்த பஸ்லேருந்து..." என்றான் கடைசியில். "நீங்க போறதையே கேரட்டைக் கையில வெச்சுக்கிட்டுப் பாத்துட்டு நின்னேனே, அப்பவே எனக்கு... அந்தக் கேரட் இன்னும் வீட்டுல இருக்குங்க. காஞ்சு குச்சியாயிடுச்சு. தூக்கிப்போட மனசு வரல."

அவள் சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவன் துணிப்பையின் கிழிசல் கண்ணில் பட்டது. இன்னும் தைக்காமலே கிடந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இதைக் குடுங்க. அக்காகிட்ட குடுத்துத் தைச்சுத் தர்றேன். அவளும் உங்களைப் பாக்கணுமாம்."

"சரிங்க..."

பேருந்து தூரத்தில் வளைந்து வந்துகொண்டிருந்தது. அவள் கிழிசலை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அவ இனிமேலும் உங்களை அத்தான்னுதான் கூப்பிடுவாளா?"

"முறை அதுதானேங்க... வேற எப்படிக் கூப்பிடுவா?"

"கூப்பிடட்டும்," என்றாள் அவள், குடைக்குள் இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றுகொண்டு. "மாடிப்படியிலேருந்து வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க."